மாப்பிள்ளை ஓணானுக்கு மேடை அலங்காரம்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தாடி ஓணானுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் அந்த அழகு நிலையத்தை நடத்திவந்த பெண். வெளிநாட்டுக்குக் குடிபோன வாடிக்கையாளர் ஒருத்தி விட்டுவிட்டுப் போன ஓணான் அது. நாள் முழுக்க வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வைத்த சாப்பாட்டை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாராவது குரலை உயர்த்தினால் கழுத்தடியில் இருக்கும் முள்தாடியைக் கறுப்பாக்கி உப்பிக் காட்டும். இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று அவள் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். லாரி ஓட்டும் அவள் கணவன் மட்டும் கொஞ்சம் முறைத்தான். ஆனால் மறுநாளே சரக்கேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதால் பெயர் நிலைத்துவிட்டது.

பெட்டிக்குள் பழைய செய்தித்தாள் விரித்து, ஒரு செங்கல் வைத்து, மேலே சூட்டு விளக்கைத் தொங்கவிட்டிருந்தாள். ஒருநாள் முடிவெட்டிக்கொள்ள வந்தவள் அதைக் குனிந்து பார்த்து, "பாவம், ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கே. என்ன தப்பு பண்ணாரு?" என்று கேட்டுவிட்டாள். அது கடை நடத்துபவளைச் சுருக்கென்று தைத்தது. கடை முழுக்கக் கண்ணாடியும் மெத்தை நாற்காலியும் மினுமினுப்பும். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு செங்கல்.

அடுத்த தெருவில் இருந்த மாமனாரிடம் போய்ச் சொன்னாள். அவர் மேடை அலங்காரக்காரர். கல்யாணம், பாராட்டு விழா, பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் பின்னால் நிற்கும் பூச்சுவர் அவர் கைவண்ணம்தான்.

"ரெண்டு செடி வெச்சுத் தந்தீங்கன்னா போதும் மாமா."

ரெண்டு என்ற கணக்கு அவருக்குத் தெரியாது. கடைக்கு வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மேடை சின்னதுதான். ஆனா ஆழம் இருக்கு," என்றார். பிறகு பழக்க தோஷத்தில், "பொண்ணு வீட்டுப் பக்கம் எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டார்.

"பொண்ணெல்லாம் இல்ல மாமா. இவரு மட்டும்தான்."

"தனி மாப்பிள்ளை," என்று தலையாட்டிக்கொண்டே போனார்.

மாமியார் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஓணான் வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கடைப் படியை மிதித்ததே இல்லை. பல்லியைக் கண்டாலே கட்டிலில் ஏறி நிற்பவர் அவர். மருமகள் அழகு நிலையம் வைத்திருந்தும், கையளவு கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து, தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டார். அதன் விளைவு தெருவுக்கே தெரிந்தது. அதைச் சொல்லிக்காட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அவர் அப்படிப்பட்டவர்.

இரண்டு நாள் கழித்து மாமனார் ஒரு ஆட்டோ நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினார். மருமகள் ஓணானைத் தூக்கி, தலை கழுவும் தொட்டியில் துண்டு விரித்து உட்கார வைத்தாள். அவர் வேலையைத் தொடங்கினார். பின்பக்கம் முழுக்க இளஞ்சிவப்பு அரளிக் கிளைகள். இரண்டு ஓரத்திலும் மணி பிளான்ட் கொடி. நடுவில் பிளாஸ்டிக் இலைத் தோரணம். தரையில் நீலக் கூழாங்கல். மேலே சீரியல் லைட். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கைப்பிடி ஜிகினா தூவி, பன்னீர் தெளித்து, இரண்டடி பின்னால் வந்து நின்றார்.

உண்மையைச் சொன்னால் மருமகளுக்கே வாயடைத்துப் போயிற்று. ஒரு பெயர்ப்பலகையும் நாற்காலி வரிசையும்தான் பாக்கி.

"மாப்பிள்ளையை அழைச்சிட்டு வாம்மா," என்றார் மாமனார், மேளத்துக்குக் கை காட்டுபவர் போல.

அவள் ஓணானைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, மூன்றாவது நாற்காலியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்படியே நில்லுங்க."

தலைச்சாயம் பூசி, முடியில் வரிசையாக வெள்ளித்தாள் மடித்து, கழுத்துவரை துணி போர்த்தியிருந்த வாடிக்கையாளர் அவர். கால்நடை டாக்டர். சாயம் பிடிக்கும்வரை ஆடாமல் உட்காரச் சொல்லியிருந்தார்கள். எழுந்துவிட்டார். தலையில் வெள்ளித்தாள்கள் சரசரக்க, துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு பெட்டிக்கு வந்தார்.

"இது யாரு வேலை?"

"நான்தான்," என்றார் மாமனார், பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பில்.

டாக்டர் அரளிக் கிளை ஒன்றை உருவினார். "ஐயா, இது அரளி. இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். இவரு சைஸுக்கு ஒரு இலை போதும்."

"இவரு ஏன் அதைத் தின்னணும்? அலங்காரம் பாக்கத்தானே."

"உங்களுக்கு அலங்காரம். அவருக்கு அது இலை போட்டுப் பரிமாறின மாதிரி. வாய்க்கு எட்டுறது எதுவா இருந்தாலும் கடிச்சுப் பாப்பாரு." அடுத்து மணி பிளான்டைச் சுருட்டி எடுத்தார். "இதைக் கடிச்சா வாயெல்லாம் எரிஞ்சு வீங்கிடும். இந்த பிளாஸ்டிக் இலை வயித்துல போய் அடைச்சுக்கும். இந்தக் கல்லும் அப்படித்தான். அவரு தலையைவிடச் சின்னதா எது கிடந்தாலும் உள்ள போயிடும்னு வெச்சுக்கங்க."

மாமனார் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஓணானின் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஓணான் கல்லைப் பார்த்து வாயைத் திறந்தது. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஜிகினா?" என்றார்.

"வேண்டாம்."

"பன்னீர்?"

"மூச்சுக்கு ஆகாது. சொல்லப்போனா இந்தக் கடையில அடிக்கிற ஹேர் ஸ்ப்ரேயே ஆகாது. பெட்டியை இங்கிருந்து தள்ளி, அந்த முன்பக்கச் சுவரோரம் வைங்க."

"சீரியல் லைட்டாவது இருக்கட்டுமே. மேடைன்னு ஒரு களை வேணாமா?"

"வயரைக் கடிப்பாரு."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மேடை பார்த்தவர். மழை வந்து சரிந்த பந்தல், கூட்டம் பூவைப் பிய்த்துக்கொண்டு போன விழா, விளக்கு வெடித்து மணப்பெண் அழுத கல்யாணம் எல்லாம் பார்த்திருக்கிறார். ஒரே ஆள் வந்து கடைசி இலைவரை கழற்றிப் போட்டது இதுதான் முதல் தடவை.

"அப்ப என்னதான் வைக்கலாம்?"

டாக்டருக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். செம்பருத்தி வைக்கலாம். பூவையும் தின்னலாம், இலையையும் தின்னலாம். நீள நீளமாக இலை தொங்கும் ஸ்பைடர் பிளான்ட் வைக்கலாம். முள்ளில்லாத ரகமாகப் பார்த்துச் சப்பாத்திக்கள்ளி வைக்கலாம். ஆனால் கடையிலிருந்து வாங்கி நேரே உள்ளே வைக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மண்ணில் உரமும், மண் இறுகாமலிருக்க வெள்ளை வெள்ளையாக மணியும் கலந்திருப்பார்கள். அந்த மண்ணை உதறிவிட்டு வெறும் மண்ணில் மாற்றி நட்டு, இலையைத் துடைத்து, சில வாரம் வெளியே வைத்திருந்து, புதுத் தளிர் வந்த பிறகுதான் வைக்க வேண்டும்.

"ஆக, நான் கஷ்டப்பட்டு வைக்கிற அலங்காரத்தை இவரு தின்னுடுவாரு."

"தின்னுடுவாரு."

"தின்னட்டும்னே வைக்கணும்."

"அதேதான் ஐயா."

மாமனார் குனிந்து ஓணானை முகத்துக்கு முகம் பார்த்தார். அது ஒரு முன்னங்கையைத் தூக்கி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டு இறக்கியது.

"போய்ட்டு வான்னு சொல்றாரா?"

"இல்ல. பெரியவங்களைப் பார்த்தா அப்படிச் செய்யும். 'நீங்க பெரிய ஆளு, நான் வம்புக்கு வரல'ன்னு அர்த்தம்," என்றார் டாக்டர். அப்போதுதான் அவருக்குத் தன் தலை நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கழுவினார்கள். இளம் பழுப்பு நிறம் கேட்டு வந்தவர் தார் ரோடு நிறத்தில் எழுந்தார். கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, "போகப் போக வெளுத்துடும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

மாமனார் வீட்டு மாடிச் சுவரோரம் தொட்டிகள் வரிசையாக வந்து சேர்ந்தன. காலையில் காப்பிகூடக் குடிக்காமல் ஈரத்துணியோடு போய் ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். இலையின் அடிப்பக்கத்தையும் விடவில்லை. மாமியார் மாடி வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் முதுகுக்குத் தைலம் தேய்ங்கன்னா கை வலிக்குதும்பீங்க."

"இது தொழில்."

"ஓணானுக்குத் தொழில்."

தளிர் வந்ததும் கடை விடுமுறை நாளாகப் பார்த்து அலங்காரத்தை வைப்பது என்று முடிவாயிற்று. அதே நாளில் மாமியாருக்கும் ஒரு தேவை வந்தது. அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுக்க வேண்டும். அவர் தலை இருந்த நிலையில் அதை அரசாங்கத்திடம் காட்ட அவருக்கே மனம் வரவில்லை.

"வாங்க அத்தை," என்று மருமகள் கெஞ்சினாள். "மாப்பிள்ளையை மூடி போட்ட டப்பாவுல வெச்சு, டப்பாவைப் பின் ரூம்ல வெச்சு, ரூம் கதவையும் சாத்திடறேன். அவரு இருக்கறதே உங்களுக்குத் தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாமியார் வந்தார். தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் காலை மேலே தூக்கிக்கொண்டார். மருமகள் முடியைச் சீராக வெட்டி, பிளாஸ்டிக் சுருள்களில் சுற்றி, தலைக்கு மேல் பெரிய குடுவை போன்ற உலர்த்தியைக் கவிழ்த்துச் சூட்டை ஓடவிட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்தாள். வெதுவெதுப்பிலும் இரைச்சலிலும் மாமியாருக்குக் கண் சொக்கியது.

சுவரோரம் மாமனாரின் வேலை மும்முரமாக நடந்தது. செம்பருத்தித் தொட்டி பின்னால். ஓணான் ஏறினாலும் சாயாதபடி கனமான தொட்டியாகத் தேர்ந்தெடுத்திருந்தார். இலை கருகாதபடி விளக்குக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். ஒரு பக்கம் ஸ்பைடர் பிளான்ட், மறுபக்கம் சப்பாத்திக்கள்ளி. தொட்டி மண்ணைக் கிளறாமல் இருக்க மேலே தட்டைக் கற்களை அடுக்கினார். கல் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டுமே என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். டப்பாவைத் திறந்தார். ஓணானின் தலையில் கல்லை வைத்து அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார். மூடியை வைத்தார். அழுத்தவில்லை. கதவைச் சாத்தியதாகத்தான் அவர் கடைசிவரை சொன்னார்.

டாக்டர் பார்வையிட வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முடியின் தார் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "குறையே சொல்ல முடியல ஐயா," என்றார். மாமனார் வாழ்க்கையில் வாங்கிய பொன்னாடைகள் எதுவும் அவரை இத்தனை நிமிர்த்தியதில்லை.

"மாப்பிள்ளையை அழைச்சிட்டு வாம்மா."

மருமகள் பின் அறைக்குப் போனாள். வெறும் டப்பாவோடு திரும்பி வந்தாள். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். மாமியார் பத்தடி தூரத்தில் உறங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் ஓசையில்லாமல் தேடினார்கள். மாமனார் துண்டு அடுக்கை ஒவ்வொன்றாக உதறினார். மருமகள் விக் மாட்டிய பொம்மைத் தலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். டாக்டர் மட்டும் தேடவில்லை. நின்ற இடத்திலேயே யோசித்தார்.

"இந்தக் கடையில இப்ப ரொம்பச் சூடான இடம் எது?" என்று கிசுகிசுத்தார்.

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மாமியாரின் தலைக்கு மேலிருந்த உலர்த்தியின் உச்சியில், கோபுரத்துக்குக் கலசம் வைத்த மாதிரி, மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"பிடிங்க," என்றார் மாமனார் மூச்சுக் குரலில்.

"அவசரப்பட்டா குதிச்சுடுவாரு. குதிச்சா அவங்க மடியில. நகம் அந்தச் சுருள்ல மாட்டிக்கிட்டா இன்னும் கஷ்டம். தானா இறங்கட்டும்."

அந்த நேரம் பார்த்து உலர்த்தி டிங் என்று மணியடித்து நின்றுவிட்டது. மாமியார் கண்விழித்தார். எதிரே பெரிய கண்ணாடி. மூக்குக்கண்ணாடி இல்லாததால் அவருக்கு எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. அந்தப் புகைமூட்டத்தில், தன் தலைக்கு மேலே, ஏதோ ஒன்று மெதுவாகக் கையாட்டியது.

"யாரும்மா அது, பின்னால நின்னு கையாட்டுறது?"

மருமகள் மாமனாருக்கு ஜாடை காட்டினாள். "மாமாதான் அத்தை."

மாமனார் உடனே ஓடிப்போய் நாற்காலிக்குப் பின்னால் நின்று கையாட்டினார். ஓணான் ஒருமுறை ஆட்டியது. அவரும் ஒருமுறை ஆட்டினார்.

"வயசான காலத்துல என்ன விளையாட்டு," என்றார் மாமியார். ஆனால் குரலில் கோபம் இல்லை. கையைத் தூக்கி அவரும் கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை ஆட்டினார். "சரி, இதைத் தூக்கு. காது வேகுது."

"இன்னும் கொஞ்ச நேரம் அத்தை," என்று மருமகள் திரும்பவும் சூட்டை ஓடவிட்டாள். தூக்கினால் அவர் மேலேயே விழும். நிறுத்தினால் உலர்த்தி ஆறிப்போகும். ஆறினால் சூடான சுருள்களைத் தேடிக்கொண்டு தலைக்கே இறங்கும்.

"பூ," என்றார் டாக்டர். "செம்பருத்திப் பூ கொண்டாங்க."

மாமனார் தான் கட்டியெழுப்பிய மேடையைப் பார்த்தார். செடியில் இருந்ததே ஒரு பூதான். அது பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்திருந்தார். போய் அதைக் கிள்ளினார். உலர்த்திக்கு முன்னால் வந்து எட்டிப் பிடித்துக் காட்டினார். மாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு இன்னொரு கண்ணை. உச்சியிலிருந்து முன்பக்கம் நகர்ந்து, விளிம்பில் தலைகீழாகத் தொங்கிக் கழுத்தை நீட்டியது.

"என்னங்க பண்றீங்க என் முன்னால? என் கண்ணாடியைக் குடும்மா," என்று மாமியார் கை நீட்டினார். பதற்றத்தில் மருமகள் அந்தக் கையில் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தே விட்டாள்.

மாமியார் மாட்டினார். அவர் மூக்குக்கும் மாப்பிள்ளையின் மூக்குக்கும் நடுவே ஒரு பூ.

அவர் கத்தவில்லை. கட்டிலும் பக்கத்தில் இல்லை. உதடு மட்டும் அசைந்து, தொண்டையிலிருந்து மிக மிக மரியாதையான ஒரு குரல் வந்தது.

"வாங்க மாப்பிள்ளை. நல்லா இருக்கீங்களா?"

மாமனார் கையிலிருந்த பூ நழுவி மாமியார் மடியில் விழுந்தது. பூவின் பின்னாலேயே மாப்பிள்ளையும் விழுந்தார். நிதானமாக எழுந்து, தலையைத் தூக்கி மாமியாரை ஏற இறங்கப் பார்த்து, ஒரு கையை உயர்த்தி வட்டம் போட்டார். பிறகு இதழைக் கடிக்கத் தொடங்கினார்.

"இப்ப என்ன பண்ணுது?" மாமியார் உதடு பிரியாமல் கேட்டார்.

"உங்களைப் பெரியவங்கன்னு ஒத்துக்குது. மரியாதை செய்யுது," என்றார் டாக்டர்.

மாமியார் மடியில் சத்தமாக மென்றுகொண்டிருந்த பிராணியைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

"இந்தக் குடும்பத்துல இதுதான் முதல் மரியாதை," என்றார். "இருக்கட்டும். ஊர்ல உள்ள மேடைக்கெல்லாம் பூ வெச்சீங்க. இந்த ஓணானுக்கு இலை துடைச்சுச் செடி வெச்சீங்க. எனக்கு என்னிக்காவது ஒரு பூ வாங்கித் தந்திருக்கீங்களா?"

மாமனார் மருமகளைப் பார்த்தார். மருமகள் கூரையைப் பார்த்தாள். டாக்டர் தன் முடியை ஆராய்ந்தார்.

"இப்ப... உன் மடியிலதானே போட்டேன்," என்றார் அவர்.

அதற்கு மாமியார் சொன்ன பதிலில் மாப்பிள்ளையின் தாடி கறுத்துவிட்டது. டாக்டர் பக்குவமாக அதைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டார். அது நேரே சப்பாத்திக்கள்ளித் தொட்டியின் மேல் ஏறி, சுற்றுமுற்றும் பார்த்து, செம்பருத்தியை அடியிலிருந்து வரிசையாகச் சாப்பிட ஆரம்பித்தது. அன்று சாயங்காலத்துக்குள் மேடையின் பின்பக்கம் மொட்டையாகிவிட்டது.

அடுத்த வாரம் மாமனார் வீட்டு மாடியில் தொட்டிகள் இரட்டிப்பாயின. பாதிச் செடி தின்னக் கொடுக்க, பாதிச் செடி தளிர்க்க என்று முறை வைத்து மாற்றினார். அவற்றில் ஒரு வரிசை தனி. அது மாமியாருடையது. அதில் பூக்கும் பூவை ஓணானுக்குக் கிள்ளக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மீறுபவரும் அவர்தான். கடைக்கு வரும்போதெல்லாம் முந்தானையில் ஒரு பூவை ஒளித்துக்கொண்டு வருவார். பெட்டியின் முன் நின்று காத்திருப்பார். மாப்பிள்ளை கை தூக்கிய பிறகே பூ உள்ளே போகும். சில நாள் அது தூக்காது. அன்றைக்கு, "உடம்பு அசதி போல," என்று அவரே காரணம் சொல்லிவிட்டுப் பூவைப் போட்டுவிடுவார்.

தின்று முடித்த தொட்டியை மாமனார் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது, தெருவில் யாராவது கேட்பார்கள், இப்போதெல்லாம் கல்யாண வேலை எதுவும் எடுப்பதில்லையா என்று.

"எங்க நேரம் இருக்கு," என்பார் அவர். "ஒரே ஒரு மாப்பிள்ளை. வாரா வாரம் மேடை கேக்கறாரு."